நாடாவிற் கிடந்த நெடுங்கணக்கு

பழைய கணினிகளைத் தேடியெடுத்துத் துடைத்துத் திருத்தி மீண்டும் இயக்குவது மேலைநாடுகளில் ஓய்வும் வசதியும் உடையோரின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாகிவிட்டது. அவற்றுக்கெனக் காட்சிச்சாலைகள் உண்டு, ஏலங்களும் உண்டு. கொழும்பு வடக்கிலே, கிராண்ட்பாஸில், அத்தகைய பொறியொன்றைத் திருத்த நாங்கள் முற்பட்டமைக்குக் காரணம் வேறு. எங்களுக்கு வேண்டியிருந்தது பொறியன்று. அதனுடன் வந்த ஒலிநாடாவில் அகப்பட்டுக் கிடந்த தமிழே வேண்டியிருந்தது.

பொறி, சின்கிளேர் நிறுவனம் 1982இல் இங்கிலாந்தில் வெளியிட்ட இசட். எக்ஸ். ஸ்பெக்ட்ரம். ஒரு பாடசாலை அப்பியாசக் கொப்பியிலும் சற்றுப் பெரிதான கறுப்புப் பெட்டி; மேலே இறப்பர்ச் சாவிகள். வெளிவந்தபொழுது அதன் 48 கிலோபைட் வடிவத்தின் விலை 175 பவுண். அங்கே அது உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கும் எட்டக்கூடிய விலை எனப் பேசப்பட்டது. இங்கே நிலைமை வேறு. எங்கள் வட்டாரத்துக்கு அப்பெட்டி வந்து சேர்ந்தது 1985இல், ஒரு கப்பற்றொழிலாளியின் பயணப்பெட்டிக்குள்ளே. அவரிடமிருந்து தவணை முறையில் அதை வாங்கியவர் என் நண்பர், என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவர், கணித ஆசிரியர். சனசமூக நிலையமொன்றின் பின்னறையில் துறைமுகத் தொழிலாளர், நாட்டாமைகள், நகரசுத்தித் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திவந்தார். 1983 ஜூலை வன்செயலின் பின்னர்ப் பல மாதங்கள் அவ்வறை பூட்டிக் கிடந்தது. மீண்டும் திறந்தபொழுது பிள்ளைகளிற் பாதிப்பேர் வரவில்லை. சிலர் மலைநாட்டுக்கும், சிலர் கடல் கடந்து தமிழகத்துக்கும் போயினர். எஞ்சியவர்களைப் பிடித்து நிறுத்த ஏதேனும் ஒரு புதுமை வேண்டும் என்று அவர் நினைத்தார்.

அக்காலச் சூழலையும் இங்கு நினைத்துப் பார்க்கவேண்டும். தேசியக் கணினிக் கொள்கை பற்றிய அறிக்கை 1983இல் வந்தது. 1984இல் சின்டெக் எனப்பட்ட பேரவை அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் மொரட்டுவைக் கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிலையமும் எழுந்தது. ஆக, நாடு கணினியைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தது. ஆனால் கணினி பேசியது ஆங்கிலம். 1945இல் இலவசக் கல்வி பெற்று, தாய்மொழியிலே படிக்கும் உரிமையும் பெற்ற நாட்டில், ஏழைப் பிள்ளையின் முன்னே மறுபடியும் ஆங்கிலக் கதவொன்று சாத்தப்படுவதை என் நண்பர் கண்டார். தொலைக்காட்சித் திரையிலே தமிழ் எழுத்தை எழுதிக் காட்டுவது என்று முடிவு செய்தார்.

இது எளிதன்று. ஸ்பெக்ட்ரத்தில் ஓர் எழுத்துக்கு உரிய இடம் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒரு கட்டம். பாவிப்பவர் தாமாக வரைந்துகொள்ளப் பொறி தந்த இடங்கள் 21 மட்டுமே. தமிழுக்கோ எழுத்துக்கள் 247. என் நண்பரின் அயல்வீட்டார் ஓர் அச்சுக்கோப்பாளர். கிராண்ட்பாஸ் வீதியிலேதான் 1930இல் தொடங்கப்பெற்ற வீரகேசரியின் பணிமனை. அதைச் சூழச் சிறு அச்சகங்கள் பல இருந்தன. ஈய எழுத்தின் மையேறிய விரல்கள் எங்கள் வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. எழுத்து 247 ஆயினும் அச்சு 247 அன்று என்பதை ஆசிரியருக்குக் கற்பித்தவர் அந்த அயலவரே. உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய மெய் 18, புள்ளி வைத்தது 18, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஏறியவை 72, தனித்து நிற்கும் காலும் கொம்புகளும் 4. எல்லாம் 125. தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துக்களின் பழைய பிணைப்புக்களைக் கைவிட்டபடியால், ணா, றா, னை, லை போன்றவற்றுக்குத் தனி வடிவம் வேண்டியதில்லையாயிற்று.

எட்டுப் புள்ளி அகலத்தில் ணகரத்தின் சுழிகள் அடங்கா. ஆகவே ஒவ்வொரு வடிவத்துக்கும் இரண்டு கட்டம் ஒதுக்கினார். 125 வடிவத்துக்கு 250 கட்டம். 96 கட்டங்கள் கொண்ட மூன்று தொகுதிகளாக அவற்றை நினைவகத்தில் வைத்து, பொறி தன் எழுத்துருவைத் தேடும் முகவரியை, 23606ஆம் இடத்தில் உள்ள எண்ணை, வேண்டியபோது மாற்றினார். மூன்று தொகுதியும் சேர்ந்து 2304 பைட். அதை ஒலியாக மாற்றி நாடாவிற் பதிந்தால் பத்துப் பன்னிரண்டு வினாடி. தமிழ் நெடுங்கணக்கு முழுவதும், அதன் அத்தனை வளைவும் சுழியும், பன்னிரண்டு வினாடிக் கீச்சொலியாக ஒரு கசெற்றுக்குள் அடங்கியது.

அவர் மறைந்த பின்னர் அவருடைய மனைவி அப்பெட்டியையும் மூன்று கசெற்றுகளையும் என்னிடம் தந்தார். “தம்பி, இதுக்குள்ள பிள்ளைகளுக்காக என்னவோ எழுதி வச்சிருக்கிறதாச் சொல்லுவார். குப்பையில போட மனம் வருகுதில்ல” என்றார். அந்தப் பின்னறையில் இப்பொழுது மாலை வகுப்பு நடத்துவது நான். என் மாணவர் ஐவரும், எங்கள் ஒழுங்கையில் றேடியோ திருத்தும் முதிய நானா ஒருவரும் இவ்வேலையிற் சேர்ந்துகொண்டனர்.

பெட்டியைத் திருத்திய கதை நீண்டதன்று. காய்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றினோம். சாவிகளின் அடியில் இருக்கும் மெல்லிய தகடு மடிப்பிலே வெடித்திருந்தது. புதிது தருவிக்க வேண்டியதாயிற்று. இதற்கு மின்கொடுக்கும் முனையில் நடுவிலிருப்பது எதிர். பெரும்பாலான ஏனைய கருவிகளில் அது நேர். இதை அறியாமற் கையிற் கிடைத்த மின்மாற்றியைச் செருகுபவர் பொறியை ஒரே நொடியிற் கொன்றுவிடுவர். நானா முதலில் அதைத்தான் அளந்து பார்த்தார். மூன்றாம் வாரத்தில், பழைய தொலைக்காட்சிப் பெட்டியொன்றில், வெள்ளைத் திரையின் அடியில் 1982 என்னும் ஆண்டோடு உரிமைவரி தெரிந்தது.

உண்மையான சிக்கல் அதன் பின்னரே தொடங்கியது. பொறி உயிர்பெற்றது, ஆனால் நாடாவை வாசிக்க மறுத்தது.

அக்காலத்துச் சிறு கணினிகள் நிரலைச் சாதாரண ஒலிநாடாவிற் சேமித்தன என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். சுழியம் என்றால் ஒரு குறுகிய அலை. ஒன்று என்றால் அதைப்போல் இருமடங்கு நீண்ட அலை. இவ்வளவே இரகசியம். யூகோசிலாவியாவில் 1983இல் பெல்கிரேட் வானொலி கணினி நிரல்களைப் பாட்டுப் போலவே ஒலிபரப்பியது. நேயர்கள் வீட்டிலிருந்து பதிந்துகொண்டனர். ‘வென்டிலேற்றர் 202’ என்பது அந்நிகழ்ச்சியின் பெயர். அறிவைக் காற்றில் வீசி யாரும் எடுத்துக்கொள்க என்ற அச்செயல் எனக்கு இன்றும் வியப்பூட்டுவது.

ஸ்பெக்ட்ரத்தில் ஜே என்னும் சாவியை அழுத்தினால் ‘லோட்’ என்ற கட்டளை முழுச்சொல்லாகவே விழும். இரண்டு மேற்கோட்குறி இட்டுக் கட்டளையை முடித்து, கசெற்றை ஓடவிட வேண்டும். முதலில் ஏறத்தாழ ஐந்து வினாடிக்கு ஒரே சுருதி. அப்போது திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் நகரும். பிறகு ஒரு சிறு கீச்சு. ஓரம் நீலமும் மஞ்சளுமாக மாறும். நிரலின் பெயர் திரையில் வரும். அதன் பின் மறுபடி சுருதி, மறுபடி தரவு. எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் கண்ணாலும் காதாலும் அறியலாம்.

எங்களுக்கு முதல்நாள் எதுவுமே வரவில்லை. கசெற் பெட்டியைத் திறந்தபொழுது, சில்லைச் சுழற்றும் இறப்பர் வார் கரிய பாகாக உருகி ஒட்டிக் கிடந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மூன்று கடை ஏறி ஒரு வார் வாங்கிவந்தோம். தலையை மதுசாரத்தாற் துடைத்தோம். ஒலியளவை முக்காற் பங்குக்கு உயர்த்தினோம். இப்பொழுது ஓரப் பட்டைகள் நடுங்கின. பெயர் மட்டும் வரவில்லை.

இவ்விடத்திலே நான் மாணவருக்குச் சொன்னது இதுதான்: பிழை மூன்று இடங்களில் இருக்கலாம், கணினியில், கசெற் பெட்டியில், நாடாவில். மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு தலையை உடைப்பதிற் பயனில்லை. ஒன்றைப் பிரித்து விலக்க வழி என்ன? ஒரு பையன் சொன்னான், நாமே மூன்று வரி நிரலொன்றை எழுதி, அதே பெட்டியில் புதிய நாடாவிற் பதிந்து, திரும்ப ஏற்றிப் பார்ப்போம் என்று. செய்தோம். பிசகின்றி ஏறியது. கணினியின் செவி நன்று, பெட்டியும் ஓடுகிறது. ஆகவே நாடா பழுது என்று ஐவரும் தீர்ப்பளித்துவிட்டனர்.

நானா அத்தீர்ப்பை ஏற்கவில்லை. ஒலிநாடாவைச் சாதாரண ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டார். “மாஸ்டர், இது நாடாட பிழையில்ல. சத்தம் கம்பளி போத்தின மாதிரி கேக்குது. ஹெட் சரிஞ்சி நிக்குது” என்றார். தான் பதிந்ததைத் தானே வாசிக்கும் பெட்டி தன் கோணலை ஒருபோதும் கண்டுகொள்ளாது. கோணலாக எழுதும், அதே கோணலில் வாசிக்கும், எல்லாம் நேராகவே தோன்றும். பிறர் எழுதியதை வாசிக்கப் புகும்போதுதான் அதன் சரிவு வெளிப்படும். (பொறிகளை மட்டும் மனத்திற்கொண்டு நானா இதைச் சொன்னாரென்று நான் நினைக்கவில்லை, அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.)

நாடா வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அக்கணக்கில் ஒரு சுழியம் நாடாவிற் பிடிக்கும் நீளம் ஏறத்தாழ 0.023 மில்லிமீற்றர். தலை நாடாவுக்குச் செங்குத்தாக நில்லாது சற்றே சரிந்தாலும் இவ்வளவு சிறிய அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மழுங்கிவிடும். தலையின் ஓரத்தில் வில்லொன்றின் மேல் ஒரு சிறு திருகாணி உண்டு. நானா அதை அரைக்காற் சுற்று, பின் அதிலும் அரை எனத் திருப்பிக்கொண்டே வந்தார். கம்பளி விலகியது போல் ஒலி கூர்மையடைந்தது. அறையிலிருந்த எல்லோருக்கும் அது கேட்டது. இதற்குக் கருவி எதுவும் அவரிடம் இருக்கவில்லை. இலங்கை வானொலி கேட்கும் பெட்டிகளை ஐம்பது ஆண்டுகளாகத் திருத்திய காது ஒன்றுதான் இருந்தது. இத்தகைய காதுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சான்றிதழ் வழங்குவதில்லை. வழங்காதபடியால் அதற்குக் கூலியும் குறைவு.

அன்று நிரலின் பெயர் திரையில் வந்தது. முதற்பகுதி ஏறியது. எழுத்துக்கள் அடங்கிய இரண்டாம் பகுதி இறுதிவரை ஓடி, முடிவில் ‘டேப் லோடிங் எரர்’ என்று நின்றது. திரும்பத் திரும்ப நான்குமுறை முயன்றோம்; நான்குமுறையும் அதே முடிவு.

இங்கேதான் பழைய பொறியின் ஒரு நற்குணம் எங்களுக்கு உதவியது. பிழை என்று அறிவித்தாலும், வாசித்த பைட்டுகளை அது அழித்துவிடுவதில்லை. வந்தவை நினைவகத்தில் வந்தபடியே இருக்கும். அன்றியும், அதன் உள்நிரல் 16384 பைட்டும் இன்னின்ன வேலை செய்வது என்று ஒவ்வொன்றாக விளக்கும் நூலொன்றை இயன் லோகன், பிராங் ஓஹாரா என்ற இருவர் 1983இலேயே வெளியிட்டுவிட்டனர். பொறியோடு கொடுக்கப்பட்ட கைந்நூலும், ஸ்டீவன் விக்கர்ஸ் எழுதியது, வாங்கியவனை நிரலெழுதத் தெரிந்தவனாக்குவதையே நோக்கமாகக் கொண்டது. இதனாலேதான் சோவியத் ஒன்றியத்துப் பொறியியலாளர் கிடைத்த உறுப்புகளைக் கொண்டு இதன் பிரதிகளைத் தாமே செய்துகொள்ள முடிந்தது. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘லெனின்கிராட்’. சின்கிளேர் நிறுவனம் இலாபத்துக்காகவே பொறியை விற்றது என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் அன்று இலாபத்தேடலுக்கும் பாவிப்பவனின் அறிவு தேவைப்பட்டது. இன்று என் மாணவரின் சட்டைப் பையில் உள்ள கைபேசி அப்பெட்டியிலும் பல்லாயிரம் மடங்கு வலியது. பிழை நேர்ந்தால் ஒரு வட்டம் சுழலும், பிறகு “ஏதோ தவறு நேர்ந்தது” என்று ஒரு வரி வரும். என்ன தவறு, எங்கே என்று கேட்கும் பிள்ளைக்கு அங்கே விடையில்லை. கேட்கும் பழக்கமும் மெல்ல மறைகிறது.

வந்த எழுத்துக்களை அச்சிட்டுப் பார்த்தோம். அ முதல் வ வரை அழகாக நின்றன. பழைய ஈய அச்சின் சாயல் தெரிந்தது. அயலவரின் கை அதில் இருக்கிறது. ழகரத்தின் மேற்பாதி சரி. கீழ்ப்பாதியிலிருந்து எல்லாம் கோணல். அதன்பின் ள, ற, ன, அனைத்து இகரங்கள், உகரங்கள், கொம்புகள் எல்லாமே ஏதோ ஒருவகையிற் பிசகியிருந்தன. ஆயின் குப்பையாகவும் இல்லை. வாசிக்க முடிந்தது.

பத்தொன்பது வயது மாணவி ஒருத்தி, தாய் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், சதுரக் கோட்டுத் தாளில் ளகரத்தை வந்தபடியே புள்ளி புள்ளியாக வரைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளி இடப்புறம் நகர்ந்திருந்தது. கட்டத்தின் இடவிளிம்பிற் கழன்ற புள்ளி வலவிளிம்பில் ஒரு வரி மேலே ஏறி நின்றது. “சேர், எழுத்து கெட்டுப் போகல்ல” என்றாள். “ஒரு புள்ளி காணாமப் போயிருக்கு. காஸ் வரிசையில ஒராள் விலகிப் போனா பின்னால நிக்கிற எல்லாரும் ஒரு அடி முன்னுக்கு வருவாங்க தானே, அது மாதிரி.”

2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அவள் நின்ற வரிசைகள் இப்படி ஒரு நாள் கணிதமாகுமென்று யார் கண்டார்! அவள் கூறியது முற்றும் சரி. ழகரத்தின் நடுவிலே, நாடாவிற் பூசணம் தின்ற கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டில், ஓர் அலையின் பாதி அழிந்திருக்கிறது. அடுத்தடுத்து நின்ற இரண்டு சுழியங்கள் அதனால் ஒட்டிக்கொண்டன. இரண்டு குறுகிய அலை சேர்ந்தால் நீளத்தில் ஒரு நீண்ட அலைக்குச் சமம். பொறி அதை ‘ஒன்று’ என வாசித்துவிட்டது. இரண்டு போய் ஒன்று வந்தது. அதன் பின் வந்த ஏறத்தாழ 1870 பைட்டும் ஒவ்வோர் இடம் முன்னேறி நின்றன. கடைசியில் ஓர் அலை குறைந்தமையாற் பொறி பிழை என்றது. இழந்தது ஒரே ஒரு புள்ளி. அதுவும் வெறும் வெள்ளைப் புள்ளி.

திருத்த எழுதிய நிரல் ஆறு வரி. ஒவ்வொரு பைட்டையும் இரண்டால் வகுத்து, முந்தியதன் கடைசிப் புள்ளியை முதலிடத்தில் வைப்பது. அவளே எழுதினாள். ஒட்டிய இடத்தில் ஒன்றை எடுத்து இரண்டு சுழியத்தை இட்டாள். ஓட்டியதும், ஓரிரண்டு நிமிடம் பொறி மெளனமாக இருந்தது. பின்பு ழ, ள, ற, ன நான்கும் தம் இடத்தில் நேராக நின்றன.

கைபேசியிலேயே பழைய கணினியைப் போன்று நடிக்கும் மென்பொருள் கிடைக்கிறதே, இவ்வளவு பாடு ஏன் என்று ஒரு நண்பர் கேட்டார். அம்மென்பொருளுக்கும் நாடாவின் ஒலியைத்தான் ஊட்டவேண்டும். சரிந்த தலையும் தின்னப்பட்ட அலையும் அங்கேயும் அதே பிழையைத்தான் தரும். இடப்புறம் நகர்ந்த ளகரத்தை ஒருத்தி தாளில் வரைந்து பார்க்க வேண்டிய தேவை அங்கேயும் உண்டு.

நிரலின் எஞ்சிய பகுதியை அதன் பின்னரே ஓடவிட்டோம். எழுத்துப் பாடம் இருக்கும் என எதிர்பார்த்திருந்தேன். பாடம் இருந்தது, ஆனால் அதற்கு முன்னர் ஒரு பட்டியல் வந்தது. திரையின் ஒரு வரியில் இத்தமிழ் எழுத்து பதினாறு அடங்கும். ஒரு பெயருக்கு அது போதும். ஒரு வரிக்கு ஒரு பெயராக 34 பெயர்கள். 1986ஆம் ஆண்டின் மாலை வகுப்புப் பிள்ளைகள். தமிழ்ப் பெயர்கள், முஸ்லிம் பெயர்கள், தமிழெழுத்தில் இரண்டு சிங்களப் பெயர்கள்.

அவருடைய மனைவியை அழைத்துவந்தோம். அவர் கண்ணாடியை மறந்து வந்தபடியால் மாணவி உரக்க வாசித்தாள். அவர் ஒவ்வொரு பெயருக்கும் சிறிது நிறுத்தி, இவன் துறைமுகத்தில், இவள் கனடாவில், இவன் லிபியாவுக்குப் போய் வந்தவன், இவன் எங்கேயோ தெரியாது, என்று சொல்லிக்கொண்டு வந்தார். “தெரியாது” என்று சொன்னவை ஏழு. ஓரிடத்தில் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெயரை வாசிக்கும்படி கையைக் காட்டினார்.

புதிய நாடாவில் அதை இருமுறை பதிந்தோம்; ஒலிக்கோப்பாக வேறோரிடத்திலும் வைத்திருக்கிறோம். மற்றைய இரண்டு கசெற்றுகளில் ஒன்றில் பூசணம் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. இந்த ஈரக்காற்றில் உறையைத் திறக்கக்கூடாது என்பது நானாவின் கட்டளை. மழை ஓய்ந்து நாலு நாள் நல்ல வெயில் எறித்தபின் பார்ப்போம் என்று அதை ஒரு பிஸ்கற் ரின்னில், துணியில் முடிந்த வறுத்த அரிசியோடு, மூடி வைத்திருக்கிறார்.